சத்யா பெயர் வைத்த இடங்கள்

8-6-2025, ஞாயிறு

கார் வாங்கி இன்றோடு பதினான்கு வருடம். கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். முத்துத்தாய் காபியோடு வந்து, "நம்ம சத்யா வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வருவமா?" என்றாள். வழக்கமான பதிலைச் சொன்னேன். "அவ தெரு நம்ம வண்டி மேப்புல இல்ல."

மகள் தன் இஷ்டப்படி பதிவுத் திருமணம் செய்து இரண்டு வருடம். நான் போகவில்லை, பேசவும் இல்லை. காளவாசலுக்கு அந்தப் பக்கம் புதிதாகப் போட்ட பிளாட்டில் இருக்கிறாள். உசிலம்பட்டியிலிருந்து ஒரு மணி நேரம். அதற்கு மேப் என்ன மேப்!

"அப்ப மேப்ப மாத்துங்க" என்றாள் முத்துத்தாய். மாட்டிக்கொண்டேன்.

12-6-2025, வியாழன்

ஆரப்பாளையத்தில் கார் ஆடியோ கடை. கடைக்காரர் வெள்ளைத்துரை வண்டியின் மேப் திரையைத் தட்டிப் பார்த்தார். "மேப் இருக்குற கார்டையே மாத்தணும்ணே. இந்த வண்டிக்குக் கடைசி மேப்பே நாலு வருசத்துக்கு முந்தினதுதான். சேத்து வச்ச எடமெல்லாம் அழிஞ்சிரும். வேணும்னா எழுதி வச்சுக்கங்க."

என்ன இருந்துவிடப்போகிறது என்று லிஸ்ட்டைத் திறந்தேன். முப்பத்தொன்று. எல்லாம் சத்யா வேலை. ஆறாவது படிக்கும்போதிலிருந்து முன் சீட்டில் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி வைத்தது.

அம்மா வாந்தி எடுத்த இடம். மாடு வழி விடாத இடம். வழி தெரியாதுன்னு அப்பா ஒத்துக்காத இடம் — இதில் மட்டும் நான்கு!

அப்புறம் ஒன்று. அப்பா அழுத இடம்.

அவளைக் கல்லூரி ஹாஸ்டலில் விடப் போனபோது. கண்ணில் தூசி என்றேன். நம்பினாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அழிச்சிரவாண்ணே?"

"நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

14-6-2025, சனி

முப்பத்தொன்றையும் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியாச்சு. ஏன்டா உனக்கு இம்புட்டு வீம்பு?

16-6-2025, திங்கள்

மேப் மாற்றியாச்சு. புது ரோடு வந்திருக்கிறது, பாலம் வந்திருக்கிறது. சத்யா தெரு இதிலும் இல்லை.

போகாமலிருக்கச் சாக்கு பத்திரமாக இருக்கிறது. எனக்குத்தான் சந்தோஷமாக இல்லை.

22-6-2025, ஞாயிறு

போனோம்.

காளவாசல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் திரையில் ரோடு முடிந்தது. அம்புக்குறி மட்டும் வெறும் வெளியில் ஊர்ந்தது. இறங்கி டீக்கடையில் வழி கேட்டேன். நான்! முத்துத்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கப்பா" என்றாள் சத்யா. வேறெதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாப்பிள்ளை — எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

கிளம்பும்போது சத்யா முன் சீட்டில் வந்து உட்கார்ந்து லிஸ்ட்டைத் திறந்தாள். காலி.

"எல்லாம் போச்சாப்பா?"

"நோட்டுல இருக்கு."

திரையில் ஏதோ தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். லிஸ்ட்டில் ஒரே ஒரு இடம்.

அப்பா லேட்டா வந்த இடம்.