சிங்காரவேலுவின் தூக்கம்

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் ஒருவரும் வரவில்லை. இந்திரா நகர் கிளினிக் மாடியில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் அறையைப் பெருக்கி, மெஷின்களைத் துடைத்து வைத்துவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். ஆய்வை நடத்தும் நுரையீரல் துறை ஹரிணி டாக்டர் போனில், "சைமா, இந்த மாசமாவது ஆள் தேறுமா?" என்றார். தேறும் என்றேன். வேறு என்ன சொல்வது? ஆள் சேரவில்லை என்றால் டிசம்பரோடு என் கான்ட்ராக்ட் முடிகிறது.

சாப்பிடும்போது மாமியார் மறுபடி கேட்டார், உனக்கு அங்கே என்ன வேலை என்று. சொன்னேன். தூக்கத்தில் சிலருக்குத் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும். மூக்கில் மாஸ்க் வைத்துக் காற்றைத் தள்ளும் மெஷின் கொடுத்தால் அவர்களுடைய பிரஷரும் இதயமும் தேறுகிறதா என்று பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆய்வு செய்கிறார்கள். நுரையீரல், காது-மூக்கு-தொண்டை, இதயம் என்று மூன்று துறையும் சேர்ந்து. ஷிப்ட் பார்க்கிற ஊர் என்பதால் நெய்வேலியில் ஆள் தேடுகிறார்கள். தேடுகிறவள் நான்.

"குறட்டைக்கா இத்தனை டாக்டரு?" என்றார். என் கணவர் மொய்னுதீன் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

ஜூலை 12, சனி

வந்தார்கள்! பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து சிங்காரவேலு, அவர் மனைவி பெரியநாயகி. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், கழுத்து குட்டை, நல்ல உடம்பு. தனியார் பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிறார். பகலில் சும்மா இருக்கும் நேரத்தில் கான்ட்ராக்ட் ஆட்களை மைன்ஸுக்கு ஏற்றிப் போவதும் உண்டு. வந்ததிலிருந்து அவர் பேசவே இல்லை. அந்த அம்மாதான் பேசினார்.

"தூங்கிகினே இருப்பாருங்க மேடம். கொர்ர்னு சத்தம் வூட்டையே தூக்கும். திடீர்னு ஒண்ணுமே இருக்காது. மூச்சே இருக்காது. நான் முதுகுல ஒண்ணு வெப்பேன். அப்புறந்தான் இழுப்பாரு."

"இவளுக்கு வேற வேலை இல்ல" என்றார் அவர்.

ஒப்புதல் தாளை முழுக்கப் படித்துக் காட்டினேன். உங்கள் விவரம் பள்ளிக்கூடத்துக்கோ வண்டி ஓனருக்கோ போகாது என்ற இடத்தில் "இன்னொரு தரம் படிங்க" என்றார். படித்தேன். கையெழுத்துப் போட்டார். விரல் கிளிப், நெஞ்சுப் பட்டை, மூக்கு டியூப் எல்லாவற்றையும் எப்படி மாட்டிக்கொண்டு படுப்பது என்று அந்த அம்மாவுக்குக் காட்டி அனுப்பினேன்.

ஜூலை 15, செவ்வாய்

சோதனை முடிவைப் பார்த்ததும் மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். மோசம். தூக்கம் முழுக்க மூச்சு நின்று நின்று வருகிறது, ஆக்சிஜன் விழுந்து விழுந்து எழுகிறது. பெரியநாயகி சொன்னது ஒன்றும் மிகையில்லை.

ஜூலை 21, திங்கள்

இன்று பகல் தூக்கம் பற்றிய கேள்விகள். மனைவியை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும், அதுதான் முறை.

"வண்டி ஓட்டும்போது கண் அசந்ததுண்டா?"

"இல்லீங்க."

"சிக்னல்ல, டிராபிக்ல நிக்கும்போது?"

"எப்பவுமே இல்லீங்க. பதினெட்டு வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் இல்ல."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவரை ஆய்வில் சேர்க்கக் கூடாது, நேரே சிகிச்சைதான். இல்லை என்றார், அதனால் குலுக்கலுக்குப் போனார். கம்ப்யூட்டர் பாதிப் பேருக்கு மெஷின் கொடுக்கும். மீதிப் பேருக்கு எடை குறைக்க, ஒருக்களித்துப் படுக்க ஆலோசனை மட்டும். நான்கு மாதம் கழித்துத்தான் மெஷின். இவருக்கு ஆலோசனை விழுந்தது.

பெரியநாயகிக்குக் கோபம். "மூச்சு நிக்கிற ஆளுக்குப் போயி சீட்டு குலுக்கிப் போடுவீங்களா? நீங்கள்லாம் படிச்சவங்கதானே?" நியாயமாகப் பிரித்தால்தான் மெஷின் உண்மையிலேயே உதவுகிறதா என்று தெரியும் என்று விளக்கினேன். மனப்பாடமாகச் சொல்கிற விளக்கம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது எனக்கே சரியாக வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

மூன்று டாக்டர்களோடு வீடியோ மீட்டிங். தொண்டை டாக்டர் ராஜேந்திரன், "டான்சில் இவ்ளோ பெருசா இருக்கு, எங்கிட்ட விட்டா எடுத்துடுவேன்" என்றார். இதய டாக்டர் பன்னீர்செல்வம், "முதல்ல பிரஷரைப் பாருங்க" என்றார். ஆளாளுக்கு ஒரு சிங்காரவேலு. ஹரிணி டாக்டர், எல்லாம் ஆய்வு முறைப்படி நடக்கட்டும் என்று முடித்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் ஸ்கூட்டியில் போகும்போது ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே கேட் போட்டிருந்தது. எனக்கு முன்னால் மஞ்சள் ஸ்கூல் வேன். சரக்கு ரயில் போய் கேட் திறந்தது. வேன் நகரவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள், பஸ்காரன் விடாமல் அடிக்கிறான். வேன் அப்படியே நிற்கிறது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். சிங்காரவேலு. ஸ்டியரிங் மேல் நெற்றி. உள்ளே பிள்ளைகள், பின் சீட்டில் எல்.கே.ஜி. பிள்ளைகள் இரண்டு பேர் கண்ணாடியில் மூக்கை அழுத்தி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கதவைத் தட்டினேன். அவர் உதறிக்கொண்டு எழுந்து, என்னைப் பார்த்தும் பார்க்காதது போல வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

நின்ற வண்டி. அதனால் தப்பித்தது. ஓடுகிற வண்டியாக இருந்திருந்தால்? யா அல்லாஹ்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் போடலாம் என்று கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். யாருக்கும் போகாது என்று நான்தானே படிச்சுக் காட்டினேன்? ரெண்டு தரம்?

ஹரிணி டாக்டருக்குப் போன் செய்தேன். "முதல்ல அவர்கிட்டயே பேசு. வண்டியை எடுக்க வேண்டாம்னு நான் சொன்னதா சொல்லு. ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழுவுக்கு நான் இன்னைக்கே எழுதறேன். அவர் கேக்கலன்னா பள்ளிக்கூடத்துக்குச் சொல்றதா வேண்டாமான்னு குழுதான் முடிவெடுக்கணும், நீ இல்ல" என்றார்.

சாயங்காலம் வடக்குத்துக்குப் போனேன். வேன் வீட்டு வாசலில் நின்றது. சிங்காரவேலு உள்ளே கூப்பிடவில்லை.

"கேட்டு போட்டிருந்துச்சு, வண்டி நின்னுகினு இருந்துச்சு. நின்ன வண்டியில கண்ண மூடுனா குத்தமா?"

"கேட் தொறந்து அவ்ளோ பேர் ஹாரன் அடிச்சும் உங்களுக்குக் கேக்கலையே?"

"யாருக்கும் போவாதுன்னு படிச்சீங்களே மேடம்!"

"போகலை. அதனாலதான் உங்க வீட்டுக்கே வந்து நிக்கறேன்."

பெரியநாயகி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. "நாளைக்கு நீ வண்டிய எடுக்காத" என்றார். "எடுக்கலன்னா ஓனரு வேற ஆளப் போட்டுடுவான்டி" என்றார் அவர். அந்த அம்மா, "அப்ப நானும் கூட வர்றேன்" என்றார்.

சிங்காரவேலு அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெரியநாயகி உண்மையாகவே வேனில் கூடப் போகிறார். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆயாம்மாவாக வருகிறேன், சம்பளம் வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவிட்டாராம். காலையில் பார்த்தேன், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், அவர் தோளில் கையை வைத்தபடி.

இது போதாது என்று ஹரிணி டாக்டர் சொல்கிறார். எனக்குத் தெரியாதா?

சிங்காரவேலுவுக்கு உடனே மெஷின் கொடுக்கக் குழுவிடம் கேட்கலாம் என்று மீட்டிங்கில் ஹரிணி டாக்டர் சொன்னார். பன்னீர்செல்வம் டாக்டர், "ஒருத்தரைக் குலுக்கலை மீறி மெஷினுக்கு மாத்தினா, நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. ஆய்வே கெட்டுடும்" என்றார். "வேன்ல பிள்ளைங்க இருக்காங்க சார்" என்றேன். மீட்டிங்கில் நான் பேசுவதே வழக்கமில்லை. பிறகு அவரே, "எனக்கும் பேரப் பிள்ளைங்க இருக்காங்கம்மா. குழுவுக்கு எழுதுற கடிதத்துல நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

குழு கூடுவது அடுத்த வாரம். தினமும் காலையும் மாலையும் அந்த வேன் போகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

கேட் பக்கம் போகாமல் சுற்றுவழியில் போனேன். பார்க்கத் தைரியமில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மத்தியானம் பெரியநாயகி போன் செய்தார்.

"மேடம், காலையில இவர கிள்ளிகினே வந்தேன். அவரு முழிச்சுகினுதான் இருந்தாரு. டவுன்ஷிப் பிளாக்குக்குள்ள திரும்பறப்ப நான் அசந்துட்டேன் மேடம். ஒரு பொண்ணு வந்து என்ன எழுப்புது, ஆயாம்மா எங்க ஸ்கூல் வந்துடுச்சுன்னு. எம்மா நேரம் தூங்கினேன்னு தெரியல. அந்நேரம் இவரு அசந்திருந்தா? ராத்திரிக்கு ராத்திரி இவரு மூச்ச பாத்துகினு நான் எங்க தூங்கறேன்?"

கணவருக்குப் பட்டை கட்டி, கிளிப் மாட்டி, அத்தனை சோதனை செய்தோம். இந்த அம்மா எப்போது தூங்குகிறார் என்று மூன்று துறையில் ஒருவரும் கேட்கவில்லை. தாளில் அதற்குக் கேள்வியே கிடையாது.

"சாவிய வாங்கி ஓனர் கையில குடுத்துட்டேன் மேடம்" என்றார். "மொட்ட மாடியில போயி உக்காந்துகினு இருக்காரு."

ஆகஸ்ட் 8, வெள்ளி

குழுவுக்காகக் காத்திருக்க வேண்டியது ஆய்வு மெஷினுக்குத்தானே என்று ஹரிணி டாக்டர் வார்டில் கிடந்த பழைய மெஷின் ஒன்றைத் தேடி எடுத்துவிட்டார். கொஞ்சம் சத்தம் போடும், மாஸ்க் மட்டும் புதுசு. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கண்டக்டர், "இன்னா மேடம், மிக்ஸியா?" என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறாராம். மூச்சு முட்டுகிறதாம். அதோடு ஓனர் வேறு ஆளைப் போட்டுவிட்டான். போனில் சிங்காரவேலுவே பேசினார்: "நல்லா இருந்த மனுசன வந்து கெடுத்துட்டீங்க." வைத்துவிட்டார்.

மொய்னுதீனிடம் சொல்லி அழுதேன். "நீ செஞ்சது சரிதான்" என்றார். சரிதான். ஆனால் வேலை போனது அவருக்கு, எனக்கில்லையே.

ஆகஸ்ட் 13, புதன்

குழு ஒப்புக்கொண்டது. சிகிச்சை தொடரலாம்.

நேரில் போய் மாஸ்க் அளவை மாற்றினேன். பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டதுதான் தப்பு. பகலில் டி.வி. பார்க்கும்போது போட்டுப் பழகுங்கள் என்றேன். சிங்காரவேலு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது பெரியநாயகி டீ கொடுத்தார். முதல் தடவை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பெரியநாயகி: "நேத்து விடியற வரைக்கும் கழட்டல மேடம். ஒரு சத்தம் இல்ல. நானும் தூங்கிட்டேன். பால்காரன் வந்து கதவத் தட்டிட்டுப் போயிட்டானாம், எங்களுக்குத் தெரியவே தெரியாது."

செப்டம்பர் 10, புதன்

ஒரு விஷயம் இன்று புரிந்தது, புரிந்ததும் எரிச்சல் வந்தது. சிங்காரவேலு இப்போது மெஷின் போடுகிறார், பிரஷர் இறங்கியிருக்கிறது. ஆனால் கடைசிக் கணக்கில் அவர் ஆலோசனை விழுந்தவர்களோடுதான் இருப்பார். குலுக்கல் எங்கே போட்டதோ அங்கேதான்.

"அப்ப அவர் தேறினது ஆலோசனையால தேறின மாதிரி ஆகிடுமே டாக்டர்?"

"ஆமா. நமக்கு அது நஷ்டம்தான்" என்றார் ஹரிணி டாக்டர். "ஆனா முடிவைப் பாத்துட்டு ஆளை இங்கேயும் அங்கேயும் மாத்த ஆரம்பிச்சா, நமக்குப் பிடிச்ச பதில்தான் வரும். அதுக்கு ஆய்வு எதுக்கு?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எரிச்சல் போகவில்லை. ஆனாலும் அவர் சொல்வதை மறுக்க முடியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

என் யோசனையைக் குழு ஏற்றுக்கொண்டது. இனிமேல் வண்டி ஓட்டும்போது தூங்குவது பற்றி வீட்டில் இருப்பவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். கூட ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா?"

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து பெரியநாயகி கிளினிக்கில் கொடுத்துவிட்டுப் போனார். முகம் தெளிந்திருக்கிறது. சிங்காரவேலு ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேனாக நிற்கிறாராம். "பகல் டூட்டிதான் வேணும்னு கேட்டு வாங்கிகினாரு."

நவம்பர் 12, புதன்

நான்காம் மாதச் சோதனை. மூன்று துறையிலும் பார்த்தார்கள். ராஜேந்திரன் டாக்டர் டான்சிலைப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பன்னீர்செல்வம் டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். வண்டி ஓட்டலாம் என்று ஹரிணி டாக்டர் எழுதிக் கொடுத்தார். சிங்காரவேலு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை.

"மேடம், கேட்டுல மட்டும் இல்ல. போன வருசம் நெல்லிக்குப்பம் ரோட்டுல கரும்பு டிராக்டர் பின்னாடி போயி நின்னேன். இடிக்கறதுக்கு ஒரு கை தூரம். பிள்ளைங்க இருந்துச்சுங்க." பிறகு, "வேன் ஸ்டேண்டுல பசங்களாண்ட சொல்லிட்டேன்" என்றார். "எல்லாத்தையும்."

ஓனர் கூப்பிட்டானாம். லோடு வண்டிதான் தருவானாம், பிள்ளைகள் வண்டி தர மாட்டானாம். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

டிசம்பர் 3, புதன்

ஆய்வுக் காலம் நீட்டித்தால் என் கான்ட்ராக்ட்டும் நீளும். நீட்டிப்பார்களா, தெரியவில்லை. போன மாதம் ஆள் சேர்ந்தது மிகவும் குறைவு என்று ஹரிணி டாக்டர் சொன்னார்.

இன்று காலையில் அறை வாசலில் கூட்டம். வேன் ஸ்டேண்டிலிருந்து மூன்று டிரைவர்கள், இரண்டு பேர் மனைவியோடு. சிங்காரவேலு அனுப்பியது. முதலில் தனகோடி என்பவரை உட்கார வைத்துக் கேட்டேன்: "வண்டி ஓட்டும்போது கண் அசந்ததுண்டா?"

"உண்டுங்க" என்றார். "ரெண்டு தரம்."

அடுத்தவரும் உண்டு என்றார். மூன்றாமவர் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

மூவருக்கும் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்து, நேரே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஆய்வில் இன்றும் யாரும் சேரவில்லை.