செந்துறைத் தேருக்கு ஒரு டிராம்போன்

12.01.2025, ஞாயிறு காலை 9.40. பார்த்த டிராம்போன்கள் மூன்று, வாங்கியது ஒன்று.

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்ததா? கோவாவில் நான் நலம். பட்டறையில் விரலில் சின்ன வெட்டு, அவ்வளவுதான்.

ஜாஸ் கலைஞர் ஒருவர் வாசித்த டிராம்போன் உங்களுக்காகக் கிடைத்தது. அதன் நீள்குழாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக் கையை எடுத்தேன். தங்குதடையின்றி வழுக்கி இறங்கியது.

செந்துறைத் தேரில் நடந்ததை நான் மறக்கவில்லை. ஊதும்போது குழாய் முன்னால் நீள்வதால் டிராம்போனுக்கு முன்வரிசைதான் வழக்கம். பேண்டு மாஸ்டர் அன்பழகன் உங்களைப் பின்னால் தள்ளினார். குழாய் முன்னால் நின்றவர் முதுகில் இடித்ததும், “யோவ் தங்கசாமி, ஊதுறியா, மாடு மாதிரி முட்டுறியா?” என்று மைக்கில் கேட்டார். ஊரே சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இதற்கு வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் இல்லை. பொருந்துமா என்று பார்க்க உங்கள் பழையதை அனுப்புங்கள். நம்மூர்ப் பேப்பரில் சுற்றுங்கள். இங்கே தமிழில் படிக்க எதுவுமில்லை. ஞாயிறும் வேலை உண்டு, கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்
பரணிதரன்

இனி செய்யப்போவது:
1. தேருக்கு நானே கொண்டு வருவேன்.
2. இதன் சத்தத்தைக் கேட்டால் அன்பழகனே கூப்பிடுவார். முன்வரிசை தந்தால்தான் வருவோம் என்பேன்.
3. வரிசைக்கு முன்னால் நடக்கும் அவர் முதுகுக்கு நேர் பின்னால் உங்களை நிறுத்துவேன். இந்தக் குழாய் நன்றாகவே நீள்கிறது.
4. நீங்கள் சிரிக்கக் கூடாது. நான் சிரிப்பேன்.