ஒன்பது நாள் பிந்திய கடிதம்

அன்பு மகன் முஹன்னாவுக்கு உம்மா எழுதுவது. இறைவனின் சாந்தி உன் வீட்டின் மேல் உண்டாகட்டும். இங்கே எல்லோரும் நலம், உன் வாப்பாவின் இடது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மருமகளும் குட்டி லுஜைனும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் குறுக்கே புகுந்து, இந்த வயசுல உங்க ரெண்டு பேருக்கும் மலை ஏறணும்னு என்ன தலையெழுத்து என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரை கேட்டுத்தானே ஆக வேண்டும். அதோடு, இதில் ஒரு பகுதியை உன் வாப்பா பக்கத்தில் இருக்கும்போது என்னால் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்றதிலிருந்து சனிக்கிழமை விடிந்தால் போதும், அவருக்குக் கால் நிற்காது. வண்டியில் தண்ணீர், பேரீச்சம்பழம், காவாக் காப்பிக் குடுவை, நான், எல்லாம் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிடுவார். கூரா போனோம், ஸுவைஹ் போனோம், வண்டிப்பாதை முடிந்த இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் செங்குத்தாக நடந்து ஏழே வீடுகள் உள்ள ஓர் ஊருக்கும் போனோம். அங்கே ஆடு கூட நம்மை ஏற இறங்கப் பார்க்கிறது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முப்பத்தாறு வருஷம் இந்த மனுஷன் வண்டி ஓட்டிய மலையை நான் கீழே இருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எந்த ஊருக்குப் போனாலும் அவர் பெரியவர்களைத் தனியாக அழைத்துப்போய், மாதுளைத் தோட்டக்காரர் ஸர்ஹான் குடும்பம் எங்கே குடிபோனது என்று விசாரிப்பார். யார் அவர் என்று கேட்டால், பழைய பழக்கம் என்று பேச்சை மாற்றிவிடுவார். யாரோ பணக்காரர் போலிருக்கிறது, இவர் தோட்டம் வாங்கப் பார்க்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

நவம்பர் கடைசியில் ஹிஜைரில் அந்த வீடு அகப்பட்டது. ஸர்ஹான் மௌத்தாகி வெகு காலம் ஆகிறதாம். அவர் மகள் ஷினூனா இருந்தாள், ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, பிள்ளைகள் மஸ்கட்டில். மெலிந்த உடம்பு, அளந்து அளந்து பேசுகிறவள். பாய் விரித்துப் பழமும் காவாவும் வைத்தாள். காவா முடிகிற வரை வந்த விஷயத்தை யாரும் கேட்கக் கூடாதில்லையா, உன் வாப்பா அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போதும் என்று கிண்ணத்தை ஆட்டவே இல்லை. அவள் ஊற்ற ஊற்ற ஐந்து தடவை குடித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, என்னைத் தெரியுதாம்மா, முன்னாடி உங்க பழைய ஊருக்குத் தபால் பையும் மாவு மூட்டையும் கொண்டு வந்த டிரைவர் நான்தான் என்றார். அவள் காவாக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, தெரியாமப் போகுமா, ஒம்பது நாள் லேட்டா வந்தவருதானே என்றாள்.

அப்போதுதான் மகனே எனக்கு விஷயமே தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பு முடித்த பெண்களைத் தாதிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அவளுக்கு இடம் கிடைத்து, இன்ன தேதிக்குள் வந்து சேர் என்று கடிதம் வந்திருக்கிறது. அன்றைய தபால் சுற்றில் அந்த ஊர் ஒன்றுதான் பாக்கி, மூன்று மணி நேர நடை. உன் வாப்பா கடிதத்தை வண்டி இருக்கைக்குப் பின்னால் செருகிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் எங்கள் கல்யாணம். விருந்து, உறவு, வீடு என்று ஓடியதில் அது அவருக்கு மறந்தே போயிற்று. நினைவு வந்து ஓடிப்போய்க் கொடுத்தபோது அந்தப் பதினாறு வயதுப் பெண் பிரித்துப் படித்துவிட்டு, முந்தாநாளே நாள் முடிஞ்சு போச்சே என்று மட்டும் சொன்னாளாம். மறு வருஷம் அவளுக்கு நிக்காஹ் ஆகிவிட்டது. நான் கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்த அதே நாட்களில் அவள் தினமும் மலை விளிம்புக்கு வந்து வண்டிப்புழுதி தெரிகிறதா என்று பார்த்திருக்கிறாள்.

உன் வாப்பா மன்னிப்புக் கேட்டார். அவள் அழவும் இல்லை, பெருந்தன்மையாகப் பேசவும் இல்லை. அப்ப உங்க டயரெல்லாம் வெடிக்கணும்னு துஆ கேட்டேன் என்றாள். ரெண்டு வெடிச்சுது என்றார் இவர். அவள் கொஞ்சம் சிரித்துவிட்டு, மன்னிக்கிறதெல்லாம் பெரிய வேலை, எனக்கு இப்ப நேரமில்ல, ஜனவரியில பரீட்சை இருக்கு, முடியட்டும் யோசிக்கிறேன் என்றாள். பேரப்பிள்ளை எடுத்த பிறகு வீட்டிலிருந்தே படித்துப் பத்து, பதினொன்று தாண்டி இப்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. தேர்வு எழுத நம் ருஸ்தாக்குக்கு வர வேண்டும், இரண்டு வாரம் தங்கவும் வேண்டும். கூட்டிப்போக அவள் தம்பிக்கு மனமில்லை. அவன் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, கெழவிக்கு எதுக்கு அல்ஜீப்ரா, ஆடு எண்ணவா என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை, எங்க வீட்டுல தங்கிக்கோ என்று சொல்லிவிட்டேன். உன் அறையைத்தான் கொடுத்தேன். உன் பெட்டி அலமாரி மேல் இருக்கிறது, யாரும் திறக்கவில்லை, கவலைப்படாதே.

இறங்கி வரும்போது, ஏன் இத்தனை வருஷம் என்கிட்ட சொல்லல என்று கேட்டேன். சொல்லியிருந்தா நம்ம கல்யாணத்த நினைக்கிறப்பெல்லாம் உனக்கும் இது சேர்ந்து ஞாபகம் வந்திருக்கும், எனக்கு வந்தது போதாதா என்றார். எனக்குக் கோபமும் வந்தது, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பாதை சரிவாக இருந்ததால் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பரீட்சை. சனிக்கிழமை போனால் போதும் என்று அவள் சொல்லியும், வெள்ளி ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு கிளம்பிவிட்டார். நல்லவேளை. மேலே எங்கோ மழை, ஹிஜைருக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கச் செந்தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு ஓடுகிறது. அந்தக் கரையில் அவள், தலையில் பிளாஸ்டிக் உறை சுற்றிய புத்தக மூட்டை. போனில் பேசியபடி அவளும் ஒரு நாள் முன்னதாகவே இறங்கி வந்துவிட்டாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தம்பி பக்கத்தில். உன் வாப்பா செருப்பைக் கழற்றி, திஷ்தாஷா அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகினார். வேணாங்க, போன வருஷம் வெள்ளத்துல வண்டியோட போனவங்கள மறந்துட்டீங்களா என்று நான் அங்கியைப் பிடித்து இழுக்கிறேன். விடு, இன்னொரு தடவ நான் லேட்டாக மாட்டேன் என்று கையை உதறுகிறார். முழங்கால் அளவு இறங்கியும் விட்டார். அப்போது அந்தக் கரையிலிருந்து அவள் கத்தினாள், பரீட்சை எழுதப் போற நானே பொறுமையா இருக்கேன், உங்களுக்கு என்ன அவசரம், உங்கள வெள்ளம் அடிச்சுட்டுப் போயிட்டா வண்டியை யாரு ஓட்டுறது என்று. தண்ணீருக்கு நடுவே நின்று ஒரு கணம் முழித்தார், பிறகு பின்னோக்கியே கரையேறினார். முழங்கால் அன்று கல்லில் இடித்ததுதான். வெள்ளம் வடிய அஸர் தொழுகை நேரம் தாண்டிச் சாயங்காலமாகிவிட்டது. அத்தனை நேரமும் அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவளைக் கைபிடித்து அழைத்து வந்தவன், ஆடு எண்ணவா என்று கேட்ட அதே தம்பி.

இரண்டு வாரமும் உன் வாப்பா தேர்வு நேரத்துக்கு ஒரு மணி முன்பே பள்ளி வாசலில் அவளை இறக்கிவிட்டு, வெயிலில் காத்திருந்து கூட்டி வந்தார். இயற்பியலில் இரண்டு கேள்வி விட்டுவிட்டாளாம், மற்றதெல்லாம் எழுதினாளாம். ஒரு நாள் ரொட்டி தட்டும்போது அக்கா முறை வைத்து என்னிடம் சொன்னாள், லாத்தா, லெட்டர் நேரத்துக்கு வந்திருந்தாலும் எங்க வாப்பா அனுப்பியிருக்க மாட்டாரு, முன்னாடியே சொல்லிட்டாரு, ஆனாலும் நான் மலை விளிம்புல போய் நின்னேன் என்று. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டது போல் இருந்தது. ஓடிப்போய் உன் வாப்பாவிடம் சொன்னேன். அவருக்கு நிம்மதியாகும் என்று நினைத்தேன். அவரோ, அவரு செஞ்சது அவரோட, நான் செஞ்சது என்னோட என்றார். அன்றைக்கு அவரை எனக்கு நிரம்பவே பிடித்துப்போயிற்று. இந்த வயதில் இதையெல்லாம் உம்மா எழுதக் கூடாது என்பாய், எழுதிவிட்டேன்.

நேற்று அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உன் வாப்பா போகாமல் நின்றார், கேட்கவும் வாய் வரவில்லை. அவளே சொன்னாள், பாதி மன்னிச்சிருக்கேன், முழுசா மன்னிச்சா நீங்க மலைப் பக்கமே வராம இருந்துடுவீங்க, மாதுளை பூக்கிறப்போ லாத்தாவக் கூட்டிட்டு வந்து ரெண்டு நாள் தங்குங்க, மீதிய அப்புறம் பாக்கலாம் என்று. வரும் வழி முழுக்க இவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினார், ராகம் ஒன்றுகூடச் சரியில்லை.

உனக்கு இறைவன் நீண்ட ஆயுளும், உழைப்பில் பரக்கத்தும், உன் வீட்டில் சிரிப்பும் தரட்டும். லுஜைனின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறக்காதே, பிள்ளையிடம் வீட்டில் அரபியிலேயே பேசு, மீன் எண்ணெய் கொடு. வாப்பாவுக்குப் போன் போட்டால் முழங்காலைப் பற்றி மட்டும் கேள்.

உன் நலனையே கேட்டு நிற்கும் உம்மா,
ரய்யா
ருஸ்தாக்