சரோஜா மாற்றி வைத்த குச்சிகள்

ஜூன் 22, ஞாயிறு

காலையில் மாடித்தோட்டக்காரர்கள் நாங்கள் எல்லோரும் பூங்காவில் கூடினோம். வேறு கன்றில் ஒட்டுக்கட்டுவதற்காக என் ரசபுரி மாமரத்தில் வெட்டிய குச்சிகளை, என் பெயர் எழுதிய சீட்டுக் கட்டி, நாலு பேருக்குப் பெருமையாகக் கொடுத்தேன்.

தையல்கடை வைத்திருக்கும் கொள்ளேகால் சரோஜா ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள். எல்லோரும் பைகளைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் காபிக்குப் போனதும் என் பக்கத்தில் வந்தாள்.

"சார், ஒட்டுக்குக் கீழ துளிர்த்த கிளையில வெட்டிட்டீங்க. இது ரசபுரி இல்லீங்க, அடிமரத்து நாட்டு மாங்கா."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மேலே கட்டிய ஒட்டு எப்போதோ பட்டுப்போயிருக்கிறது. மூன்று வருஷமாக நான் கொண்டாடியது வெறும் அடிமரத்தை!

அவள் தன் பையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய ரசபுரிக் குச்சிகளை எடுத்தாள். தான் ஒட்டுக்கட்ட வைத்திருந்தவை. பெஞ்சில் இருந்த பைகளைத் திறந்து, நான் கொடுத்த நாலு கட்டுகளிலும் குச்சிகளை மாற்றினாள். என் பெயர்ச் சீட்டை மட்டும் மாற்றவில்லை.

"யாருக்கும் தெரிய வேண்டாங்க சார்" என்றாள்.

இப்போது வாட்ஸ்அப்பில், "சார் கொடுத்த ரசபுரியை ஒட்டியாச்சு, ரொம்ப நன்றி" என்று ஒருவர் போட்டோ போட்டிருக்கிறார். அதற்குக் கீழே முதல் கைதட்டல் சரோஜாவுடையது.