சொல் வராத மூன்று வாரம்

போதகர் இல்லம், வேலுவே
2 மார்ச் 1936

என் அன்பு நேல்ட்யே,

உன் அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? பக்கவாதத்தில் விழுந்துபோன கையில் ஏதாவது அசைவு தெரிகிறதா? இங்கே வீடு குளிர்ந்து கிடக்கிறது. நீ போனதிலிருந்து உருளைக்கிழங்கைக் கருக்காமல் அவிக்க எனக்கு வரவில்லை.

ஒரு செய்தி. ஃபிரீஸ்லாந்துக் கடலோரத்தில் ஒரு சபை என்னைத் தங்கள் போதகராக அழைத்து எழுதியிருக்கிறது. வழக்கப்படி மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். ஏழு வருடமாக அவர்களுக்குப் போதகர் இல்லை. கடலில் மூழ்கிக் கரை ஒதுங்கிய மீனவர்களைக்கூடப் பள்ளி வாத்தியார்தான் ஜெபித்து அடக்கம் செய்கிறாராம்.

நம் சபை மூப்பர் ஹார்மனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "எங்கள விட்டுட்டுப் போயிடுவீங்களா, போதகரே?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அத கர்த்தர்தான் சொல்லணும், ஹார்மன்" என்றேன்.

அவர் சித்தம் தெளிவாகும்படி நீயும் ஜெபி.

உன் ஈவர்ட்


அப்பாவின் பண்ணை, ஸீலாந்து
6 மார்ச்

அன்புள்ள ஈவர்ட்,

கையில் அசைவு இல்லை. பேச்சும் திரும்பவில்லை. அண்ணி மோர்க்கஞ்சி ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்கிறார். நான் கரண்டியை எடுத்தால் திறக்கிறார். "உங்க அப்பா என்னைப் பழிவாங்குறார், நேல்ட்யே" என்று அண்ணி சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

ஃபிரீஸ்லாந்தை அண்ணனின் வரைபடத்தில் பார்த்தேன். இங்கிருந்து அது நாட்டின் மறுகோடி. இப்போதே படகும் இரண்டு ரயிலும் மாறித்தான் உன்னிடம் வந்துபோகிறேன்.

ஜெபிக்கிறேன். கர்த்தரிடம் கேட்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். என்னிடம் கேட்டு ஒரு வரிகூட இல்லை, கவனித்தாயா?

உருளைக்கிழங்கு அவிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

நேல்ட்யே


வேலுவே
13 மார்ச்

என் அன்பே,

கோபிக்காதே. உன்னைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கப் பயந்தேன்.

கர்த்தரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை, நேல்ட்யே. உபவாசம் இருந்து பார்த்தேன். கடைசியில், செய்யக்கூடாது என்று மற்றவர்களுக்கு நானே போதிப்பதைச் செய்தேன்: கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரலை வைத்தேன். ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளுக்கு நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று இருந்தது.

நேற்று விதவை டிர்க்யே வந்தாள். நான் போவதாகக் கர்த்தர் அவளுக்குக் காட்டினாராம். அவள் பின்னாலேயே மாவு மில்காரரின் மனைவி வந்தாள். நான் இங்கேயே இருப்பதாக அவளுக்குக் காட்டினாராம். இருவரும் ஒரே மேசையில் காபி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் காட்ட மாட்டேன் என்கிறார்?

அங்கே அவர்கள் ஞாயிறுதோறும் என் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்களாம். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

ஈவர்ட்


ஸீலாந்து
17 மார்ச்

ஈவர்ட்,

திரை தைக்கத்தான் அழைப்பு போலிருக்கிறது. துணி வாங்கிவிட்டாயா?

சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். சிரிக்கும்படி இங்கே வேறொன்றும் இல்லை.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். "ஈவர்ட்ட ஃபிரீஸ்லாந்துக்குக் கூப்பிடுறாங்கப்பா. நாங்க போகட்டுமா?" நல்ல கையால் என் விரல்களை அழுத்தினார். போ என்றா, போகாதே என்றா, எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்பதற்குள் தூங்கிவிட்டார்.

போகாதே என்று என்னால் எழுத முடியாது. எழுதினால், கர்த்தருக்கும் உனக்கும் குறுக்கே நின்றவளாக ஆயுள் முழுக்க இருப்பேன். போ என்றும் எழுத முடியவில்லை. அந்த வாய் என் கைக்கு மட்டும்தான் திறக்கிறது. முடிவை என் தலையில் வைத்துவிடாதே.

நேல்ட்யே


வேலுவே
22 மார்ச், ஞாயிறு

நேல்ட்யே,

அழைப்பை மறுத்துவிட்டேன்.

இப்படி மறுக்கும்போது, "புறப்படும் சுதந்திரத்தைக் கர்த்தர் எனக்குத் தரவில்லை" என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்வது முறை. அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. "நான் போகவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

ஆராதனை முடிந்ததும் ஹார்மன் என்னைத் தனியே நிறுத்தினார். "கர்த்தர் என்ன வார்த்தை குடுத்தாரு?"

"ஒண்ணும் குடுக்கல."

"அப்ப எத வெச்சு முடிவு பண்ணீங்க?"

"நேல்ட்யே அவங்க அப்பாகிட்ட இருக்கா, ஹார்மன்."

நான் போகக்கூடாது என்று கெஞ்சிய மனிதர், வழக்கமாகக் கொடுக்கும் கையைக்கூடக் கொடுக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். வார்த்தை இல்லாமல் நடக்கும் போதகர் அவருக்கு வேண்டாம் போல. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஃபிரீஸ்லாந்துக்காரர்கள் நினைவில் வந்துகொண்டே இருக்கிறார்கள். செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னோடு இருக்க விரும்பினேன் என்பது மட்டும் தெரியும்.

உன் ஈவர்ட்


ஸீலாந்து
24 மார்ச்

என் ஈவர்ட்,

அண்ணன் அடித்த தந்தி இதற்குள் கிடைத்திருக்கும். அப்பா இன்று விடியற்காலையில் போய்விட்டார். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

காலைத் தபாலில் உன் கடிதம் வந்தது. தச்சர் உள்ளே பெட்டிக்கு அளவெடுத்துக்கொண்டிருக்க, கொட்டகையில் நின்று படித்தேன். இரண்டு நாள். ஃபிரீஸ்லாந்துக்காரர்களை இன்னும் இரண்டே நாள் காக்க வைத்திருந்தால் நாம் போயிருக்கலாம். இந்நேரம் வேறொருவருக்கு எழுதியிருப்பார்கள்.

இதன் பொருள் என்னவென்று எனக்கு எழுதாதே. நீயும் உட்கார்ந்து தேடாதே. நானும் தேட மாட்டேன். தேடினால் யாரையாவது வெறுக்க வேண்டிவரும்.

ஆனால் உன் கடைசி வரியைப் படித்தபோது, அப்பா உள்ளே கிடக்க, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன். சந்தோஷம் போகவில்லை.

சனிக்கிழமை அடக்கம். நீதான் பேச வேண்டும் என்கிறான் அண்ணன். "அவரால முடியுமா?" என்று அண்ணி கேட்டாள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அப்பாவின் பெயரை மட்டும் சொல், போதும். வியாழக்கிழமைப் படகில் வா. என் கறுப்புக் கோட்டு அலமாரியில் இடப்பக்கம் தொங்குகிறது.

படகுத்துறையில் நிற்பேன்.

நேல்ட்யே