சொல்லாமல் பெய்த மழை

அன்புள்ள மதினி,

பேத்தி வயலின் பெட்டியைத் திறந்தாள். வில்லுக்குத் தேய்க்கும் குங்கிலிய வாசம் அடுப்படி வரை வந்தது. நீங்கள் போய் இத்தனை வருசம் ஆனாலும் இதை உங்களுக்கு எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். என் அஞ்சாம் வகுப்புக் கையெழுத்துதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மன் கோயில் பொங்கலில் நாதஸ்வரம் கேட்டு நான் கண்ணை மூடியிருந்தபோது விலாவில் இடித்தீர்களே.

"என்ன புள்ள, தூங்குதியா?"

"தேர் வருது மதினி, அந்த வாசிப்புல."

"சொல்லே இல்லாம தேரு எங்கன வரும்? வெயிலு ஒன் மண்டையில ஏறிருச்சு."

ஏழாயிரம்பண்ணை வெடிக் கம்பெனிக்கு வேனில் போகும்போதெல்லாம் அதைச் சொல்லியே எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். தோற்றது நீங்கள்தான், கேளுங்கள்.

போன மாதம் விருதுநகரில் பேத்தியின் பள்ளிக்கூட விழா. அவளே கட்டிய இசை. அது என்னவென்று மைக்கில் சொல்லிவிட்டு வாசிக்கச் சொன்னார் டீச்சர். மறுத்துவிட்டாள்.

"சொல்லாமலே ஒருத்தருக்காவது தெரியணும் அப்பத்தா. தெரியலைன்னா இனிமே நானா எதையும் கட்ட மாட்டேன்."

என்னிடமும் சொல்லவில்லை.

முதலில் ஒரே சுரம், நீளமாக, அசையாமல். உச்சிவெயிலில் நிற்பதுபோல் இருந்தது. பிறகு அடித்தந்தியில் ஓர் உறுமல் போய் வந்தது. வில்லைத் தாழ்த்தி, விரலால் ஒரு தந்தியைச் சுண்டினாள். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

நான் எழுந்துவிட்டேன் மதினி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "பதறாம அள்ளுங்கத்தா" என்று சத்தம் போட்டேன். தளத்தில் காயப்போட்ட வெடிமேல் முதல் துளி விழுந்ததும் நீங்கள் போடும் சத்தம். நனையவும் கூடாது, உரசித் தீப்பற்றவும் கூடாது என்று எங்கள் கையைப் பழக்கியவர் நீங்கள்தானே.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் இரண்டு பெண்கள் பாதி எழுந்தபடி நின்றார்கள். அவர்களும் வெடிக் கம்பெனிதான்.

"எங்களுக்கும் கை பரபரன்னு வந்திருச்சும்மா" என்றாள் ஒருத்தி.

மேடையில் பேத்தி நிறுத்தவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு மழையை வலுக்க விட்டாள். எனக்குக் கூச்சமே இல்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

திரும்பும் பஸ்ஸில், "அடுத்து எதைக் கட்டலாம் அப்பத்தா?" என்றாள். ஊர் வரும் வரை உங்களைப் பற்றிச் சொன்னேன்.

மூன்று நாளாக ஏதோ வாசிக்கிறாள். விறுவிறு என்று போகிறது. ஆனால் எதுவும் எதோடும் உரசவில்லை. யாரென்று நான் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்தே, "பாத்துப் போங்க மதினி" என்றேன்.