சி.பி.யூ. என்றால் எது

கோபாலபுரம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அஸ்வத்துக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. எனக்கும் உன் தங்கைக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் குளிரில் நீயும் பூஜாவும் நலமாக இருக்கக் கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் என்னைப் பேசி முடிக்க விடமாட்டாய் என்பதால் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், முழுவதும் படி.

"போர்டையே எரிச்சிட்டாம்மா, அவளுக்கு எதுக்கு இந்த வேலை" என்று நேற்று நீ கத்தியது நிஷாவுக்கும் கேட்டது, ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தோம். அதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அடையாறு வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கலாம் என்று துணிந்தவள், முதல் படத்தைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். நீ சொன்ன கம்ப்யூட்டர் சாமான்களையே ரிச்சி தெருவில் வாங்கி வந்து, அவளே உட்கார்ந்து பூட்டினாள். விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. அவள் கையில் திருப்புளி இருந்ததால் உன்னிடம் நான் பேசினேன். "சி.பி.யூ. ஒயர் மாட்டியிருக்கா?" என்று கேட்டாய், மாட்டியிருக்கிறது என்றேன், உடனே மதர்போர்டு எரிந்ததாக நீ முடிவு கட்டிவிட்டாய். நான் சொன்னது சுவரிலிருந்து பெட்டிக்குப் போகிற கறுப்பு ஒயரை, அது நன்றாகவே மாட்டியிருந்தது. இந்த ஊரில் அந்தப் பெட்டிக்குத்தானே சி.பி.யூ. என்று பெயர்? "சி.பி.யூ. மேல துணியைப் போடாதீங்கம்மா" என்று காலேஜ் நாளில் என்னைக் கோபித்துக்கொண்டவன் நீதானே?

நீ கேட்டது உள்ளே பிராசஸருக்குப் போகிற ஒயரை என்பது இன்று காலை போர்டோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்த பிறகுதான் தெரிந்தது. இருபத்துநாலு துளைப் பெரிய பிளக் மட்டும் போதாதாம், மூலையில் எட்டுத் துளையில் தனியாக ஒன்று மாட்ட வேண்டுமாம். பார்த்தால் மூலை காலி. நிஷா கைக்கு வந்த எட்டுத் துளைப் பிளக்கை எடுத்து அழுத்தினாள், போகவில்லை. உன் தங்கையாயிற்றே, இன்னும் பலமாக அழுத்தப் போனாள். கையைப் பிடித்து, முதல்ல அதுல என்ன எழுதியிருக்குன்னு படிடி என்றேன். "எட்டுக்கு எட்டு சரியாத்தானேம்மா இருக்கு" என்கிறாள். அது கிராபிக்ஸ் கார்டுக்கானது. எண்ணிக்கை ஒன்றேதான், துளைகளின் வடிவம் வேறு. திணித்திருந்தால் நீ சொன்னது நிஜமாகியிருக்கும். சரியான பிளக் நாலும் நாலுமாக இரண்டு துண்டாய்ப் பெட்டியின் பின்பக்கம் கட்டுக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. சேர்த்துப் பிடித்து மாட்டினாள், டக்கென்று உட்கார்ந்தது.

ஆனால் ஸ்விட்சைப் போடமாட்டேன் என்கிறாள். "வந்தா அப்பவே சொன்னேனேம்பான், வரலேன்னா எரிச்சிட்டேம்பான், ரெண்டுக்கும் அண்ணன்கிட்ட என்னால பேச்சு வாங்க முடியாது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வருமா வராதா என்று எனக்கும் தெரியாது. வராமலே போனாலும் அவள் எதையும் எரிக்கவில்லை. நீ கேட்டது அரைகுறைக் கேள்வி, அதற்கு நான் சரியான பதில்தான் சொன்னேன், அதற்காக வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. நீ தெரிவிக்க வேண்டும், என்னிடம் அல்ல.

பூஜாவுக்கு என் ஆசிகள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள், இருவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். நாளைக் காலை, அவள் ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்னால், அவள் எண்ணுக்குக் கூப்பிடு. என் எண்ணுக்குக் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன்.

உன் அம்மா,
அபயாம்பாள்